ஏழாம் நம்பர் டி-ஷர்ட்

முதலிபாளையத்து பனியன் கம்பெனி ஒன்றில் அர்த்தநாரி கட்டிங் மாஸ்டர். வயது நாற்பத்தெட்டு. அவர் மேசைக்குப் பக்கத்தில் மட்டும் ஆள் உயர ஃபேன் ஒன்று தனியாக ஓடும். சாப்பாட்டு நேரத்தில் அவருக்குத் தனி பெஞ்சு. "மாஸ்டருக்குன்னு ஒரு மரியாதை வேணுமில்லீங்க" என்று கூட வேலை செய்யும் சுப்பண்ணன் சொன்னதைப் பதினோரு வருடமாக அப்படியே நம்பிக்கொண்டிருந்தார். பைக்கில் போகும்போது மனைவி கருத்தம்மா அவர் தோளில் கை வைக்க மாட்டாள், சீட்டுக்குப் பின்னாலிருக்கும் கம்பியைத்தான் பிடித்துக்கொள்வாள். அடக்கமான பொம்பளை என்று அதிலும் அவருக்குப் பெருமை. மனுசன் அப்படியே மிதந்துகொண்டிருந்தார், பாவம்.

போன சித்திரையில், வேர்வை நாற்றம் பிடிக்காத டி-ஷர்ட்டுக்கு ஆர்டர் வந்தது. குவாலிட்டி பார்க்கும் வர்ஷினி பத்துப் பேருக்கு ஆளுக்கொன்று கொடுத்து, ஒரு நாள் முழுக்கப் போட்டுவிட்டுத் திருப்பித் தரச் சொன்னாள். சட்டையில் பேர் கிடையாது, கழுத்துப் பட்டிக்கு உள்பக்கம் நம்பர் மட்டும்தான். அதே நம்பரை ஒரு சீட்டில் எழுதி ஆளாளுக்குக் கொடுத்தாள். அர்த்தநாரி அதைப் பார்க்காமலேயே ஐடி கார்டு உறைக்குள் செருகிக்கொண்டார். வெளியிலிருந்து லேப் ஆட்கள் வந்து மோந்து பார்த்து மார்க் போட்டார்கள். ஒன்பது பாஸ், ஏழாம் நம்பர் ஃபெயில். துவைத்துப் பார்த்த பிறகும் ஃபெயில்.

டீ நேரத்தில் அர்த்தநாரிக்கு வாய் சும்மா இருக்குமா?

"எவனப்பா அந்த ஏழு? குளிச்சு எத்தனை நாளாச்சாம்? அவனக் கட்டுனவ எப்படித்தான் குடும்பம் நடத்துறாளோ!"

ஒருத்தரும் சிரிக்கவில்லை. சுப்பண்ணன் டீ கிளாசுக்குள் ஈ விழுந்த மாதிரி உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். வர்ஷினி, வராத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்தாள்.

சாயங்காலம் கம்பெனி கேட்டில் காட்டுவதற்கு ஐடி கார்டை உருவினார். சீட்டு கீழே விழுந்தது. ஏழு.

சீட்டைப் பொறுக்கிக்கொண்டார். நேரே வர்ஷினியிடம் வந்தார். "சீட்டு எதும் மாறிப்போச்சா கண்ணு?"

"இல்லீங்க மாஸ்டர்." அந்தப் பெண்ணுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"எல்லாத்துக்கும் தெரியுமா?"

ஆமாம் என்று அவள் தலையாட்டினாள்.

"அப்ப அந்த ஃபேனு?"

"அது நான் வேலைக்கு வர்றதுக்கு முந்தியே வெச்சதுங்க."

அடப்பாவிகளா! பதினோரு வருசம்! வீடு வரைக்கும் எப்படி பைக் ஓட்டினார் என்று அவருக்கே தெரியாது. கருத்தம்மா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள்.

"ஏம்புள்ள, எம்மேல நாத்தம் அடிக்குதா?"

அரிவாள்மனையில் அவள் கை நின்றது. "கல்யாணமான புதுசுலயே தெரியுமுங்க. ரெண்டு வேளை குளிக்கிற மனுசன்கிட்ட என்னன்னு சொல்றது? நொந்து போயிருவீங்கன்னுதான்…"

"இருபத்திரண்டு வருசமா மூச்சப் புடிச்சுட்டா பின்னாடி உக்காந்துட்டு வந்த?"

கருத்தம்மா குனிந்து மறுபடி வெங்காயத்தை அரிய ஆரம்பித்தாள். கம்பெனியில் பட்டதை அவர் எப்படியோ தாங்கிக்கொண்டார். இதைத் தாங்க முடியவில்லை.

மறுநாள் தோல் டாக்டரம்மா முன்னால் கையைத் தூக்கிக் காட்டி, "அறுத்து எடுத்துப் போடுங்கம்மா" என்றார்.

டாக்டரம்மா முகம் சுளிக்கவே இல்லை. "ஆபரேசன் பண்ணி வேர்வைச் சுரப்பிய எடுக்கலாமுங்க. ஆனா தழும்பு விழும். அது கடைசி வழி. அதுக்கு முந்தி ஊசி இருக்குது, போட்டா சில மாசத்துக்கு வேர்வை அடங்கும். அதுக்கும் முந்தி சாதா மருந்து இருக்குதுங்க. வேர்வைக்குன்னு பெருசா நாத்தம் கிடையாது. அக்குள்ல இருக்கிற கிருமி அதைத் தின்னுதான் நாத்தம் வருது. உங்க மூக்குக்கு அது பழகிப்போச்சு."

அக்குள் முடியை ஒட்ட வெட்டச் சொன்னார். குளிக்கும்போது தேய்த்துக் கழுவ, கிருமியைக் கொல்லும் பெராக்சைடு வாஷ். ராத்திரி அக்குளை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, வேர்வையைக் குறைக்கும் அலுமினியம் குளோரைடு லோஷன் தடவி, காலையில் கழுவிவிட வேண்டும். ஆறு வாரம் கழித்துப் பார்க்கலாம் என்றார்.

இதற்கு வைத்தியம் இருக்கிறதா! இத்தனை வருடமும் இருந்ததா! அர்த்தநாரிக்கு முந்தின நாள் அதிர்ச்சியை விட இது பெரிய அதிர்ச்சி.

அந்த வாஷ், கலர் துணியில் பட்டால் சாயம் போகும் என்று டாக்டரம்மா சொல்லித்தான் அனுப்பினார். துணியிலேயே காலம் தள்ளுகிற மனுசன், சரியாகக் கழுவாமல் நீலத் துண்டில் துடைத்துத் திட்டுத்திட்டாக வெளுக்கவிட்டார். கருத்தம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நாற்றம் போய்விட்டதா என்று ஆறு வாரமும் அவர் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் "நல்லா இருக்குதுங்க மாஸ்டர்" என்றுதான் சொல்வார்கள். இந்த ஊர் மரியாதை மேல் இருந்த நம்பிக்கையே அவருக்குப் போய்விட்டது. கடைசியில் வர்ஷினியிடம் போய், "அடுத்த ட்ரையல்ல என் சட்டையையும் போடு கண்ணு. பேரு சொல்லாத" என்றார். இந்த முறை சீட்டை நாலு தடவை பார்த்து மனப்பாடம் செய்துகொண்டார். மூன்றாம் நம்பர்.

மூன்றாம் நம்பர் பாஸ்.

ரிசல்ட் காகிதத்தை ஒரு ஜெராக்ஸ் எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வீட்டில் சொல்லவில்லை, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு காட்டலாம் என்று எண்ணம். அன்று சாயங்காலம் சந்தைக்குப் போகக் கருத்தம்மாவை பைக்கில் ஏற்றிக்கொண்டார். முதல் வேகத்தடை தாண்டியதும் தோளில் ஒரு கை விழுந்தது. கொஞ்ச தூரம் போனதும் முதுகில் அவள் கன்னம் சாய்ந்தது.

அர்த்தநாரி திடுக்கிட்டு பிரேக்கைப் பிடித்துவிட்டார். வண்டி தடுமாறி ஓரத்தில் நின்றது. பின்னால் வந்த வேன்காரன் திட்டிவிட்டுப் போனது அவர் காதிலேயே விழவில்லை. கண் நிறைந்து ரோடு தெரியவில்லை.

"ஏனுங்க, என்னாச்சுங்க?"

"ஒண்ணுமில்ல." புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பின்னாடி கம்பி இருக்குதில்ல புள்ள?"

"இருக்குதுங்க" என்றாள் கருத்தம்மா. தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.