குளிசையில் மா உண்டா என்று கேட்ட பெண்

கல்முனையில் என் பாமசியைத் தெரியாதவர் குறைவு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது எனக்கு. இன்னொருவருடைய மருந்துக் கடையில் பெட்டி உடைக்கிற வேலையில் தொடங்கி, சொந்தக் கடை போட்டு, பிறகு இரண்டாவது கடையும் திறந்தேன். வங்கிக்குப் போனால் முகாமையாளரே எழுந்து வந்து ஸலாம் சொல்லுவார். இதை நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்.

ஒரு விஷயத்தில் எனக்குக் கூடுதல் பெருமை. கருத்தடைக் குளிசை வாங்க வரும் பெண்கள் அதன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். பழைய அட்டையில் ஒரு மூலையை வெட்டிக் கொண்டுவந்து கண்ணாடி மேசையில் வைப்பார்கள். நான் பார்ப்பேன், எடுப்பேன், சுற்றிக் கொடுப்பேன். ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். அதற்காகவே மருதமுனையிலிருந்தும் சாய்ந்தமருதிலிருந்தும் என்னிடம் வந்தார்கள். என் வாயை நம்பலாம் என்று நானே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

அன்று லுஹர் தொழுகை முடிந்த நேரம். கடையில் சட்டப்படி இருக்கவேண்டிய மருந்தாளர், படித்த பெண்பிள்ளை, சாப்பிடப் போயிருந்தார். முன்னால் நான்தான் நின்றேன். அபாயா போட்ட ஒரு இளம்பெண் வந்து அட்டை மூலையை வைத்தாள். வெளிறிய முகம். நான் சுற்றிக் கொடுத்தேன். அவள் போகவில்லை. மெதுவாகக் கேட்டாள்:

"ஹாஜியார், இந்தக் குளிசையில கோதும மா ஏதும் சேர்க்கிறாங்களா?"

"என்னத்துக்குக் கேக்கிறீங்க மகள்?"

"எனக்குக் கோதும ஏலா. குடல்ல வருத்தம். பாண், ரொட்டி ஒண்டும் தொடக்கூடா எண்டு டொக்டர் சொல்லியிரிக்கார். குளிசையெண்டாலும் கேட்டுப் பாத்துத்தான் குடிக்கணுமாம்."

இப்படி ஒரு நோயை நான் கேள்விப்பட்டதே இல்லை. பின்னால் ஐந்தாறு பேர் நின்றார்கள். 'எனக்குத் தெரியா' என்ற சொல்லை அந்த மேசைக்குப் பின்னால் நின்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் படிக்காதவன் என்பது வெளியே வந்துவிடும் என்ற பயம். அதை மறைக்கப் பகிடி விட்டேன். கடைக்கே கேட்கும்படி விட்டேன்.

"கோதும மா தேவையெண்டா பேக்கரிக்குப் போங்க மகள். இது புள்ள பெறாம இரிக்கிறதுக்குக் குடிக்கிறது, ரொட்டி சுடுறதுக்கில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். இருமல் மருந்துக்கு நின்ற ஒருவர், "ஹாஜியார்ட வாயி" என்று மேசையில் தட்டினார். எனக்கு அது பிடித்திருந்தது. அவள் குளிசையை எடுத்துக்கொண்டு, தலை குனிந்தபடி போனாள்.

மூன்று நாள் கழித்து மருந்தாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் அந்தப் பெண்ணின் தெருவில் இருப்பவர்.

"அந்தப் புள்ளக்கிட்ட என்ன சொன்னீங்க ஹாஜியார்?"

அவரும் சிரிப்பார் என்று நினைத்து அந்தப் பகிடியைத் திருப்பிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

பிரஷர் குளிசைக்கு அன்று நின்ற ஒரு பெண், அவளுடைய மாமியின், அதாவது புருஷனுடைய உம்மாவின், தங்கையாம்; கேட்டதை அப்படியே போய்ச் சொல்லிவிட்டாராம். கல்யாணமாகி இரண்டு வருடம். மாமி பிள்ளை பிள்ளை என்று துஆ ஓதுவித்துக்கொண்டிருக்கிறார். குடல் ஆறி, உடம்பில் இரத்தம் ஏறும்வரை பிள்ளை வேண்டாம் என்று டொக்டர் சொன்னது புருஷனுக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும். அன்று அந்தி மஃரிப் தொழுகைக்கு முன்னமே மாமி வந்து, தெரு பார்க்கக் கத்திவிட்டு, மகனைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து இருப்பது. அவர் சாமான்களோடு இறங்கிப் போவது என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

"அவ கேட்டது சரியான கேள்வி," என்றார் மருந்தாளர். குளிசை இறுக ஒட்டுவதற்கு மாச்சத்து சேர்ப்பார்களாம். பெட்டிக்குள் இருந்த தாளை எடுத்து வாசித்தார். மாச்சத்து என்று இருந்தது, எந்தத் தானியத்தில் எடுத்தது என்று இல்லை. எத்தனை வருடம் விற்றேன் அதை. அந்தத் தாளை ஒருநாளும் விரித்ததில்லை. விரித்தாலும் அந்த இங்கிலீஷை என்னால் வாசிக்க ஏலாது.

கொழும்பில் இறக்குமதி செய்பவர்களிடம் அவர் எழுதிக் கேட்டார். இரண்டு நாளில் பதில் வந்தது: சோளம். அந்தப் பதிலைப் பரிசு கொண்டுபோவதுபோல் கொண்டுபோனேன், வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக.

அவளுடைய உம்மா நான் உட்காரக் கதிரை போட்டார். அவள் அறைக் கதவுத் திரைக்குப் பின்னால் நின்றாள்.

"சோளமாதான் மகள். கோதும இல்ல. பயப்படாமக் குடிக்கலாம்."

"அண்டைக்கே தெரியா எண்டு சொல்லியிருந்தீங்கண்டா நான் பேசாமப் போயிருப்பன் ஹாஜியார்."

என் காது சுட்டது. மன்னிப்புக் கேட்கப் போனவன், வாயைத் திறந்தால் வேறு ஏதோ வருகிறது. என்ன செய்யவேண்டும் என்று மட்டும் கேட்டேன்.

"மாமிக்கிட்டப் போய்ச் சொல்லுங்க. டொக்டர் சொன்னதயும் சொல்லுங்க. நான் சொன்னா நம்பமாட்டாங்க. நீங்க பெரிய ஆள்தானே."

அந்தக் கடைசிச் சொல்லில் குத்தல் இருந்ததா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

மாமி வீட்டு ஹோலில், அவர் மகனும் தங்கையும் கேட்டுக்கொண்டிருக்க, நான் சொன்னேன். "ராத்தா, நான் படிக்காதவன். அந்தப் புள்ள கேட்டதுக்குப் பதில் தெரியல்ல. அத மறைக்கத்தான் அவவ சிரிப்புக்கு ஆளாக்கினன். அவக்கு உடம்பில இரத்தம் இல்ல. இப்ப வயித்தில ஒண்டு தங்கினா ரெண்டு உயிருக்கும் ஆபத்தெண்டு டொக்டர் சொல்லியிரிக்காராம்."

"இத ஏன் ஆரும் எங்கிட்டச் சொல்லல்ல?" என்றார் அவர். மகன் எழும்பிப் போய்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளைக் கிளப்பினான். என்னை அவன் பார்க்கவில்லை. அவன் பெண் வீட்டுக்குத்தான் போனான் என்று மறுநாள் கேள்விப்பட்டேன்.

அவள் பிறகு என் கடைக்கு வரவில்லை. மருந்தாளர்தான் போகிற வழியில் குளிசையைக் கொடுத்துவிட்டுப் போகிறார். என் கடைப் பெயர் அச்சடித்த பையில் மட்டும் கொண்டுவர வேண்டாம் என்றாளாம்.