அல்பொன்சா அக்காவின் மாடிப்படி

குவைத்தில் இருந்த காலமெல்லாம் அல்பொன்சா பிறர் வீட்டுப் பளிங்குப் படிகளைத் துடைத்தாள். கற்பிட்டிக்குத் திரும்பி வந்தபோது அவளுக்கு ஒரேயொரு ஆசைதான் இருந்தது. தையல் மெஷினை வைக்கத் தனக்கென்று ஓர் அறை வேண்டும். அதன் பூட்டுத் திறப்பு தன் கையில் இருக்க வேண்டும். அண்ணன் யூட்டின் வீட்டில் இடம் இல்லாமல் இல்லை. ஆனால் அங்கே மெஷின் குசினிக்குப் பக்கத்தில். மச்சாள் மீன் பொரிக்கத் தொடங்கினால், தைத்துக்கொண்டிருக்கும் கலியாணச் சட்டையைச் சுருட்டிக்கொண்டு எழும்பிவிட வேண்டும்.

அதனால்தான் ரிப்கானின் பலசரக்குக் கடைக்கு மேலே இருந்த அறைக்கு வாடகைக்குப் போனாள். கடலோரக் களப்பில், பெரிய பட்டம் கட்டிப் பலகையில் தண்ணீர் மேல் சறுக்க வரும் வெள்ளைக்காரரை நம்பி ரிப்கான் கட்டிய அறை அது. வெள்ளைக்காரர் வராமல் போன காலத்தில் பூட்டிக் கிடந்தது. இரண்டு பக்கமும் ஜன்னல், நல்ல காற்று, பொழுது சாயும்வரை வெளிச்சம். தையற்காரிக்கு வேறென்ன வேண்டும்?

ஏறி இறங்க ஒரு நல்ல படி வேண்டும். அது மட்டும் இல்லை.

படி என்று ஒன்று இருந்தது. கடையின் பக்கச் சுவரோரமாக, வெளியே, மரத்தில். யாரோ வெள்ளைக்காரர் தங்கக் கபானாக் குடில் கட்டிவிட்டு மிச்சம் போட்டுப் போன பலகைகளைச் சேர்த்து ரிப்கான் தன் கையாலேயே அடித்தது. ஒரு படிக்குக் காலை முழங்கால் உயரத்துக்குத் தூக்க வேண்டும். அடுத்த படியோ கால் தேடுவதற்கு முன்பே வந்து இடிக்கும். அடிக்கால்கள் வெறும் மணலில் நின்றன. ஒரு பக்கம் புதைந்து, பலகைகள் எல்லாம் வெளிப்புறமாகச் சரிந்திருந்தன. உப்புக் காற்றில் ஆணிகள் துருவேறித் தலை உதிர்ந்துவிட்டன. கைப்பிடியைப் பிடித்தால் அது கூடவே வரும்.

தைக்கக் கொடுக்க வந்தவர்கள் கீழேயே நின்று அண்ணாந்து பார்த்துக் கூப்பிட்டார்கள். அல்பொன்சா கூடையொன்றில் கயிற்றைக் கட்டி இறக்கினாள். துணி மேலே வரும். தைத்த சட்டை கீழே போகும். ஆனால் அளவு எடுக்க ஆளைக் கூடையில் ஏற்ற முடியாதே. வயதான பெண்கள், வயிற்றுப் பிள்ளைக்காரிகள், குழந்தையை இடுப்பில் வைத்தவர்கள் எல்லாரும் மெல்ல மெல்ல வேறு தையற்காரிகளிடம் போனார்கள்.

"ரிப்கான் தம்பி, இந்தப் படியை ஒருக்காப் பாருங்களேன்" என்று அவள் கேட்காத மாதம் இல்லை.

ரிப்கானும் ஒவ்வொரு தரமும் சுத்தியலோடு வந்து ஒரு ஆணியை அடித்துவிட்டுப் போவான். "பயப்படாதீங்க அக்கா. கைப்பிடியப் புடிச்சுக்கிட்டு மெல்ல ஏறினா ஒண்டும் ஆகாது. நானே அடிச்ச படி இது!"

அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவன் முகத்தில் வரும் பெருமையைப் பார்த்தால், அல்பொன்சாவுக்கு மேற்கொண்டு பேச வாய் வராது. கெட்ட மனுசன் இல்லை. கடையில் பால்மா தட்டுப்பாடாக இருந்தபோதும் அவளுக்கென்று ஒரு பொட்டலம் எடுத்து வைத்தவன்.

மாரி மழை விட்ட ஒரு காலையில், தைத்து முடித்த சேலைச் சட்டைகளை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அவள் இறங்கினாள். ஈரப் பலகை ஒன்று காலடியில் புரண்டது. சட்டைகள் காற்றில் பறந்தன. அவள் மணலில் கிடந்தாள். கணுக்கால் எலும்பு வெடித்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் மாக்கட்டுப் போட்டு விட்டதும் யூட் சொன்னான்: "போதும் நீ தனியா இருந்து பார்த்தது. இனி நேரா வீட்டுக்கு வா."

"நான் என்ட அறைக்குத்தான் போறன் அண்ணா."

"ஒத்தக் காலோட அந்தப் படியில எப்படி ஏறுவா?"

"ஏத்தி விடுங்க. எனக்கு இறங்குற வேலை இல்ல. மெஷினை மோட்டரில ஓட்டுறன்; மற்றக் கால் நல்லாத்தானே இருக்கு."

யூட்டின் கோபம் ரிப்கான் மேல் திரும்பியது. கடை வாசலில் நின்று பொலிசுக்குப் போவேன் என்றான். ரிப்கானுக்கும் ரோசம் வந்தது. "பார்த்து இறங்கியிருக்கணும்" என்று சொல்லிவிட்டான். கடைசியில், முகம் கொடுத்துப் பேசாத அந்த இரண்டு பேரும்தான் அவளை ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார வைத்து, முன்னும் பின்னுமாகப் பிடித்து மேலே தூக்கிப் போனார்கள். படி முழுதும் முனகியது. கதிரையில் இருந்த அல்பொன்சா கண்ணை இறுக மூடிக்கொண்டு அந்தோனியாரைக் கூப்பிட்டாள்.

மறுநாளிலிருந்து ரிப்கானின் மனைவி பஸ்மியா அவளுக்கும் சேர்த்துச் சமைத்தாள். "அவ மேல தனியா கிடக்கிறா. நம்மட படியால வந்த கரைச்சல்" என்று சொல்லித் தட்டைப் புருஷனின் கையில் கொடுத்தாள். சின்னப் பிள்ளையோடு அந்தப் படியில் தான் ஏறமாட்டேன் என்றும் சொன்னாள்.

காலையில் பாணும் சம்பலும். பகலில் சோறு. பின்னேரம் தேத்தண்ணீர். இடையில் குடிக்கத் தண்ணீர் வாளி. ரிப்கான் தூக்கிக்கொண்டு ஏறினான். வெறுங்கையோடு, எப்போதாவது ஆணி அடிக்க ஏறியவனுக்கு இது வேறு கதையாக இருந்தது. முதல் நாள் தேத்தண்ணீர் பாதி அவன் உடுத்திருந்த சாரத்தில் கொட்டியது. அடுத்த நாள் வாளித் தண்ணீர் செருப்புக்குள் போய் வழுக்கியது.

ஒரு பகல், மீன் ஆணம் ததும்பும் தட்டோடு ஏறிக்கொண்டிருந்தவன் நடுவழியில் நின்றுவிட்டான். மேல் படி எவ்வளவு உயரம் என்று தட்டு மறைத்தது. கீழே பார்த்தால் தலை சுற்றியது. மெல்லக் குந்தி, அப்படியே பலகையில் உட்கார்ந்தான்.

"அக்கா!" என்று கத்தினான். "சோறு பாதி வழியில நிக்குது!"

அல்பொன்சா நொண்டி நொண்டிக் கதவடிக்கு வந்து எட்டிப் பார்த்தாள். தட்டை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸைத் தவறவிட்ட பிரயாணி போல அவன் உட்கார்ந்திருந்தான்.

"ரெண்டு கையிலயும் சாமான் இருந்தா மனுசன் எதப் புடிக்கிற?" என்றான்.

"இவ்வளவு நாளும் நான் அதைத்தானே தம்பி கேட்டன்."

அவன் கைப்பிடியை ஒரு விரலால் அசைத்துப் பார்த்தான். பிறகு, அவள் முகத்தைப் பார்க்காமலே, "அண்டைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது அக்கா. பார்த்து இறங்கணும் எண்டு. பிழ என்டதான்" என்றான். "நாளைக்கே கழட்டிட்டுப் புதுசா அடிச்சுத் தாறேன்."

"ஐயோ வேண்டாம்! நீங்க அடிக்க வேண்டாம்!"

அவள் போட்ட சத்தத்தில் ரிப்கான் பயந்து தட்டை இறுக்கிப் பிடித்தான். பிறகு இருவருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தால் படி ஆடியது. அதனால் ரிப்கான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

ரிப்கான் சொல்லி அனுப்ப, எத்தாளையிலிருந்து தச்சர் சாள்ஸ் பாஸ் வந்தார். கூரை வேலை, கதவு வேலை எல்லாம் செய்கிற மனுசன். படியைக் காலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். "இதைக் கழட்டத் தேவையில்ல, தும்மினாலே போதும்" என்றார். ரிப்கானுக்கு முகம் சுருங்கிவிட்டது. அதைக் கண்ட சாள்ஸ் பாஸ், "நீயும் கூட நில்லு. மரம் புடிக்க ஆள் வேணும்" என்று அவனையே உதவிக்கு வைத்துக்கொண்டார்.

பழைய படியைப் பிரித்த நாளில் அல்பொன்சா மேலேயே இருந்தாள். இறங்கிப் பஸ்மியாவோடு இருக்கச் சொன்னார்கள், அவள் கேட்கவில்லை. ஷானிகா என்ற பெண்ணின் கலியாணச் சட்டைக்கு முத்துத் தைக்க இருந்தது. கதவைத் திறந்தால் வெறும் ஆகாயம். கீழே மண்வெட்டிச் சத்தமும், அடிக்காலுக்குக் கொங்கிறீற் குழைக்கும் சத்தமும், ரிப்கானைச் சாள்ஸ் பாஸ் ஏசும் சத்தமும். "மட்டம் வச்சுப் பாருடா, கண்ணால பார்த்தா காணாது!"

பகல் நேரம் யூட் மீன் கொண்டு வந்தான். படி இருந்த இடத்தில் படியைக் காணாமல் திகைத்து நின்றான்.

"எடி அல்பொன்சா! படி எங்க? நீ எப்படி இறங்குவா?"

"ஏன் அண்ணா இறங்கணும்? நான் வேலையா இருக்கிறன்!" என்று ஜன்னலில் சிரித்தாள்.

தங்கச்சி அப்படிச் சிரித்ததை யூட் கண்டு எத்தனையோ காலம். ஏச வந்த வாய் அப்படியே நின்றது. சுற்றிப் பார்த்தான். நீளமான பக்கப் பலகை ஒன்றைத் தோளில் தூக்கி வைக்க முடியாமல் ரிப்கான் தடுமாறிக்கொண்டிருந்தான். யூட் மீன் பையைப் பஸ்மியாவிடம் கொடுத்தான். சேர்ட்டைக் கழற்றி வேலியில் போட்டான். பலகையின் மற்ற நுனியைப் பிடித்தான்.

"சாப்பிட்டீங்களா யூட் நானா?" என்று ரிப்கான் கேட்டான்.

"முதல்ல இதத் தூக்கு" என்றான் யூட்.

மாக்கட்டு வெட்டிய பிறகு ஒரு பின்னேரம் அல்பொன்சா கதவடியில் வந்து நின்றாள். போல்ட் போட்டு இறுக்கிய புதுப் படி. எல்லாம் ஒரே உயரம். இரண்டு பக்கமும் கைப்பிடி. கால் இன்னும் கொஞ்சம் விறைப்பாகத்தான் இருந்தது. ஒரு படி வைத்தாள். இன்னொன்று. பாதி வழியில்தான், தான் காலைப் பார்க்கவில்லை என்பது அவளுக்கு உறைத்தது. நிமிர்ந்திருந்த கண்ணுக்கு எதிரே, தென்னைகளுக்கு அப்பால், களப்பு முழுதும் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. இந்தப் படியிலிருந்து களப்பு தெரியும் என்றே அவளுக்கு இதுவரை தெரியாது.

"அக்கா, நிக்காதீங்க, வழி விடுங்க!"

கீழிருந்து பஸ்மியா ஏறி வந்துகொண்டிருந்தாள். இடுப்பில் பிள்ளை, மற்றக் கையில் அபாயாத் துணி. கைப்பிடியைத் தொடக்கூட இல்லை.

"அளவு எடுக்கணும்" என்றாள். "பின்னால மூணு பேர் வாறாங்க. நான்தான் முதல்."