மார்க்கர் காகிதத்தின் பின்பக்கம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பிறவிக் குணம். அந்தக் கோபத்தால் ஒரு மனிதரின் வலது கையைக் கெடுத்தேன். அதோடு என் எழுத்தும் போனது.

பத்தொன்பது வயதில் எனக்கு இருந்தது ஒரே ஆசை. ஒரு நாவல் எழுத வேண்டும், அட்டையில் என் பெயர் வர வேண்டும். அப்போது வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. டிரிம்மர் என்கிற சின்னக் கத்திரியால் நாளெல்லாம் பிசிறு நூல் வெட்டுவேன். கட்டிங் மேசைக்கு அடியில், துணி வெட்ட அளவு வரையும் மார்க்கர் காகிதத்தின் மிச்சச் சுருள்கள் கிடக்கும். சாப்பாட்டு நேரத்தில் அதில் ஒன்றை விரித்து எழுதுவேன். தறிக்காரர் மகள் ஒருத்தி வீட்டை விட்டுப் போகிற கதை. ஏழு மாதத்தில் சுருளின் ஒரு பக்கம் முழுக்க நிறைந்தது. வீட்டுக்குக் கொண்டுபோனால் அடுப்புக்குப் போய்விடும் என்று பயந்து அங்கேயே சுருட்டி வைத்தேன். என் புத்திசாலித்தனம் அவ்வளவுதான்.

ஒருநாள் புதுக் காகிதம் தீர்ந்துபோனது. கட்டிங் மாஸ்டர் என் சுருளை எடுத்து, வெற்றுப் பக்கத்தில் கை, முன், பின் என்று வரைந்து, அடுக்கி விரித்த வெள்ளைத் துணியின்மேல் வைத்து மெஷினை ஓட்டிவிட்டார். அடிப்பக்கம் ஏதோ கிறுக்கல் என்று நினைத்திருப்பார். வெட்டிய கட்டுகள் எங்கள் மேசைக்கு வந்தன. ஒரு கட்டின் மேலே பனியன் கை வடிவத்தில் காகிதம். திருப்பினேன். என் கையெழுத்து. கதையில் அவள் பஸ் ஏறுகிற இடம், பாதி வாக்கியத்தில் வளைவாக அறுந்திருந்தது.

என்ன செய்கிறேன் என்று தெரியாமல் செய்தேன் என்றால் பொய். தெரிந்துதான் நடந்து போனேன். மாஸ்டர் மேசையில் கை ஊன்றி நின்றார். "என்ன கண்ணு?" என்றார். ஒரு வார்த்தை பேசாமல் டிரிம்மரை அவர் புறங்கையில் இறக்கினேன். பிடுங்கி மறுபடி இறக்கினேன். கூர்முனை எலும்பில் இடறியது இன்றும் என் விரலில் இருக்கிறது. சூப்பர்வைசர் ஓடி வந்தார். "துணியில ரத்தம் படுது, துணிய இழுங்க" என்றார். நாலு பேர் முதலில் துணியைத்தான் இழுத்தார்கள்.

மெஷின் பட்டுவிட்டது என்று மாஸ்டர் முதலாளியிடம் சொன்னார். நான் மறுநாளே வேலையை விட்டு நின்றுவிட்டேன். காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை, சொல்ல வெட்கம். அவருக்கு இரண்டு விரல்கள் மடங்காமலே போயின என்று கேள்விப்பட்டேன். பிறகு கல்யாணம், சாமளாபுரத்தில் புகுந்த வீடு, தறிச் சத்தம். பேனாவை எடுத்தால் அந்தக் கைதான் கண்ணில் வரும்.

இந்த வருடம், நாற்பது தாண்டியபின், பழைய ஆசை மறுபடி வந்து பிடித்துக்கொண்டது. அவரைப் பார்க்காமல் ஒரு வரி ஓடாது என்று தெரிந்தது. விசாரித்துக்கொண்டு போனேன். நல்லூரில் டீக்கடை வைத்திருந்தார். நான் யாரென்று சொன்னேன். "வாங்க அம்மிணி" என்றார். மன்னிப்புக் கேட்டேன்.

"அது கெடக்கட்டுமுங்க. எதுக்குங்க என்னயக் குத்துனீங்க?"

இருபது வருடத்துக்கும் மேலாக அவருக்குக் காரணமே தெரியாது.

"சின்னப் புள்ள, ஸ்டேசனுக்கு இழுப்பாங்கன்னுதான் மெசின்னு சொன்னனுங்க. எவனும் நம்பலீங்க. உங்க மேல கை வெச்சேன்னு ஊரே பேசுச்சு. எங்க ஊட்டுக்காரியும் அதத்தான் நம்பிட்டு இருக்கறா."

அவர் மனைவி அடுப்பில் வடை போட்டுக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சுருள், நாவல், பாதியில் அறுந்த வாக்கியம்.

"ஒரு காயிதத்துக்கா?" என்றார் அந்தம்மா.

"ஆமாங்க" என்றேன்.

பளாரென்று விட்டார் ஒரு அறை. காது கொய்யென்றது, கன்னமெல்லாம் வடை மாவு. மாஸ்டர் குறுக்கே வந்து மடங்காத விரல்களோடு மனைவியின் கையைப் பிடித்தார். அந்த விரல்களையே அந்தம்மா பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அழுதார். அடித்த கை இறங்குவதற்குள் பேச்சில் மரியாதை திரும்பிவிட்டது, எங்கள் பக்கத்து வாய் அப்படி.

"நீங்க கத எழுதறவங்கதானுங்க? எம்புருசன் ஒண்ணும் பண்ணலைன்னு எழுதுங்க."

எழுதுகிறேன். அவர் ஒன்றும் செய்யவில்லை. காகிதம் என்று நினைத்துக் காகிதத்தை வெட்டினார்.