பன்றி ஓடையில் இறங்குபவர்கள்

"ஹேவர்பி. ஓட்ஸ் விளைஞ்ச பண்ணை. இறங்குறவங்க இறங்குங்க, கண்ணு."

கண்ணாடியைப் பார்த்தபடியே குரல் கொடுக்கிறார் மேவிஸ் ஆக்ராய்ட். வாயில் புதினா மிட்டாய், கையில் விரல் நுனி வெட்டிய கம்பளி உறை. இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் மலைச்சரிவில் பேருந்து ஓட்டும் அவருக்கு நிறுத்தத்தின் பெயரை மட்டும் சொன்னால் ஆகாது. பொருளையும் சொல்லியாக வேண்டும். 'பி' என்று முடிந்தால், ஆயிரம் ஆண்டுக்கு முன் கடல் கடந்து வந்து குடியேறிய டேனியர்கள் உழுத மண். 'லி' என்று முடிந்தால் காடு திருத்திய இடம். தன் ஊர்ப்பெயருக்குப் பொருள் தெரியாது என்பவர் மாட்டிக்கொண்டார். "அப்போ யார் வீட்டுல இருக்கோம்னே தெரியாம குடியிருக்கீங்க."

ஸ்வின்பெக் வந்தால் குரல் இன்னும் ஒரு படி ஏறும். "பன்னி ஓடை! உள்ளதைத்தான் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க." வண்டியே சிரிக்கும்.

அந்த ஊரில் ரோவீனா பெல் என்ற விதவை, வீட்டின் மாடியை விடுதியாக்கி, ஊர்ப்பெயர் 'ஸ்வான்' என்ற அன்னத்திலிருந்து வந்ததாகத் தோன்றட்டும் என்று வாசல் பலகையில் அன்னம் வரைந்து வைத்தார். பேருந்தில் சிரித்துக்கொண்டே வந்திறங்கிய விருந்தினர்கள், காலையில் தட்டில் பன்றி இறைச்சியைப் பார்த்ததும் மறுபடி சிரித்தார்கள். சிலர் திரும்பி வரவில்லை.

ஒரு வியாழக்கிழமை ரோவீனா வண்டியில் ஏறி, ஓட்டுநர் இருக்கையை ஒட்டி நின்றார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று மேவிஸ் ஆதாரங்களை மனத்துக்குள் அடுக்கிக்கொண்டார். ஆனால் ரோவீனா மறுக்கவில்லை.

"நீங்க சொல்றது நிஜம்தான். ஆனா சொல்லிட்டு நீங்க அடுத்த ஊருக்குப் போயிடுறீங்க. நான் இங்கேயேதான் இருக்கணும்."

அன்று மீதிப் பாதையில் எந்த ஊருக்கும் பொருள் சொல்லப்படவில்லை. அந்த ஓடைக்குப் பெயர் வைத்தவன் கரையில் குடியிருந்தவனா, கடந்து போகும்போது கேலி பேசிய பக்கத்து ஊர்க்காரனா? மேவிஸ் படித்த புத்தகங்கள் எதுவும் அதைச் சொல்லவில்லை. அவருக்கும் இத்தனை காலம் கேட்கத் தோன்றவில்லை.

சனிக்கிழமை வண்டி மேடேறியபோது, வழக்கமான பயணிகள் சிரிக்கத் தயாராக இருந்தார்கள்.

"ஸ்வின்பெக்," என்றார் மேவிஸ். அவ்வளவுதான்.

பெட்டிகளோடு எழுந்த வயதான தம்பதியில் அந்த அம்மாள் அப்படியென்றால் என்ன என்று கேட்டார்.

"அதை இந்த ஊர்க்காரங்ககிட்டயே கேளுங்க, கண்ணு."

இன்ஜினை அணைத்தார். இறங்கி, இரண்டில் கனமான பெட்டியைத் தூக்கிக்கொண்டு, அந்தத் தம்பதிக்கு முன்னால் சரிவேறி ரோவீனாவின் வாசல்வரை நடந்தார்.