வண்டிக்குள் தலைகீழாக ஒரு மச்சான்

எகிப்தில், உறைந்த கோழியை அஸ்யூத் நகரிலிருந்து தாக்லா பாலைச்சோலைக்கு ஏற்றி வருவது ரஷ்வானின் பிழைப்பு. படம் எடுப்பது அவனுடைய பைத்தியம். வாரத்தில் ஆறு நாள் பிழைப்புக்கு, வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு பைத்தியத்துக்கு என்று பிரித்து வைத்திருந்தான்.

ஊருக்கு மேற்கே மணல்மேடுகள் தொடங்குகிற இடத்தில் அவன் அடிக்காத கூத்து இல்லை. ஒருமுறை வீட்டு நாற்காலியைத் தூக்கிப்போய், அதன் நான்கு கால்களையும் மணலில் அழுத்தி அழுத்தி எடுத்து, மேட்டின் அடியிலிருந்து உச்சிவரை தடம் பதித்தான். தன் காலடிகளை ஈச்ச மட்டையால் பெருக்கி அழித்தான். நாற்காலியை உச்சியில் நிறுத்திப் படம் எடுத்தான். அது தானாகவே மேடேறிப் போய் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பதைப்போல் இருந்தது. அவன் மனைவி அவாதிஃப் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, நாற்காலிக்காவது இந்த வீட்டைவிட்டுக் கிளம்ப வழி தெரிந்திருக்கிறதே என்றாள். இன்னொரு முறை கேமராவை மணலில் மல்லாக்கப் புதைத்து, மேலே கண்ணாடி வைத்து, அதன்மேல் குதிரைமசால் தழையைத் தூவி, ஆடு மேய்வதைக் கீழேயிருந்து எடுத்தான். ஐந்து படங்களில் வெறும் நாக்கு. ஆறாவதில், ஆடு கேமராவின் வாரை மென்றுகொண்டிருந்தது.

அவன் ஓட்டிய பழைய குளிர்வண்டி ஒருநாள் குளிர மறுத்தது. முதலாளி குளிர் இயந்திரத்தைக் கழற்றி வேறு வண்டியில் மாட்டிக்கொண்டு, இதை ரஷ்வானுக்கே விட்டுவிட்டார். ஓட்டுநர் அறையின் கூரைக்கு மேலே, பெட்டியின் முன்சுவரில் இயந்திரம் இருந்த இடத்தில் முலாம்பழம் அளவுக்கு ஓட்டை. குருவி கூடு கட்டாமலிருக்க அதில் ஒரு தகரத்தை அடித்தான். அந்தத் தகரத்தில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை ஏற்கெனவே இருந்தது.

ஒரு நண்பகலில் அவன் உள்ளே திருப்புளி தேடிக்கொண்டிருந்தபோது காற்றில் கதவு அறைந்து மூடிக்கொண்டது. கும்மிருட்டு. கண் பழகியதும் பின்கதவின் வெள்ளை உட்புறத்தில் என்னவோ அசைந்தது. வீட்டெதிரே நிற்கும் ஈச்சமரம் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் அவாதிஃப், வானம் கீழே கிடக்க, காலை மேலே வைத்து நடந்து துணி காயப்போட்டாள். நிறம்கூட மங்கலாகத் தெரிந்தது. ரஷ்வான் கதவைத் திறக்காமல் அரைமணி நேரம் உட்கார்ந்து தனியாகச் சிரித்தான்.

அதன்பின் வண்டியே அவனுக்குக் கேமரா. மணல்வெளிக்கு ஓட்டிப்போய், கதவைச் சாத்திக்கொண்டு, சுவராக நிற்கும் அந்தக் கதவில் விழும் பிம்பத்தைத் தன் கேமராவால் இன்னொரு படம் எடுப்பான். வெளிச்சம் குறைவென்பதால் ஒவ்வொன்றுக்கும் இருபது நொடி வேண்டும். மணல்மேடு பொறுமையாக நின்றது. மனிதர்கள் நிற்கவில்லை. ஒருவன் தும்முவான், ஒருவனுக்குத் தொலைபேசி வரும். எல்லாரும் படத்தில் புகையாகிப்போனார்கள்.

தை மாதக் குளிரில் ஒரு வெள்ளிக்கிழமை, அவன் அக்கா இன்சாஃபும் அவள் கணவர் ஷவ்கியும் கூட வந்தார்கள். ஷவ்கி நீர்ப்பாசன அலுவலகத்தில் மேற்பார்வையாளர். மூன்று மாதம் முன்பு ஊர் மருத்துவர் அம்மா அவருக்குச் சர்க்கரை நோய் என்று சொன்னதிலிருந்து இனிப்பைத் தொடாதவர். தொடாததோடு நிற்காமல், எவன் தேநீரில் சர்க்கரை போட்டாலும் அவனுக்குச் சிறுநீரகத்தைப் பற்றி ஒரு பிரசங்கம் வைப்பார். என் புருஷனுக்கு இருக்கும் வைராக்கியம் யாருக்கு வரும் என்று இன்சாஃப் தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தாள்.

வண்டிக்கு முன்னால், நல்ல வெயிலில் பாய் விரித்தார்கள். அவாதிஃப் ஒரு தட்டு நிறைய பஸ்பூசா செய்து கொண்டுவந்திருந்தாள். ரவையைச் சுட்டு, பாகில் ஊறவைத்து, துணி போட்டு மூடிய தட்டு. சாப்பாடு முடிந்ததும் ரஷ்வான் எல்லாரையும் தன் இருட்டு அறைக்கு அழைத்தான். பெண்கள் எழுந்தார்கள். கோழி நாற்றம் தனக்கு ஒத்துக்கொள்ளாது, காக்கை வராமல் சாப்பாட்டுக்குக் காவல் இருக்கிறேன் என்றார் ஷவ்கி.

கதவு மூடிக் கொஞ்ச நேரத்தில் சுவரில் மணல் தெரிந்தது. பாய் தெரிந்தது. பாயிலிருந்து தொங்கிக்கொண்டு ஷவ்கியும் தெரிந்தார். அவர் வண்டியைப் பார்த்தார். பெட்டியின் ஒரே கதவு பின்பக்கம், அது சாத்தியிருந்தது. இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார், தட்டின்மேலிருந்த துணியைத் தூக்கினார்.

ஒரு துண்டு போனது. இரண்டாவது போனது. மூன்றாவதுக்குப் பிறகு பாகு ஒட்டிய விரல்களைப் பக்கத்தில் கிடந்த ரஷ்வானின் கோட்டில் துடைத்தார்.

“தம்பி, எடுடா,” என்றாள் இன்சாஃப், மெல்ல.

“அக்கா, இருபது நொடி ஆவும். அசையாம இருக்கணுமே.”

“வாயில பஸ்பூசா இருக்கற வரைக்கும் அந்த மனுஷன் அசைய மாட்டாரு. நீ எடு.”

அவள் சொன்னதுதான் நடந்தது. நான்காவது துண்டை வாயில் போட்டு, கண்ணை மூடி, முகத்தை வெயிலுக்குக் காட்டியபடி ஷவ்கி உறைந்துபோனார். ரஷ்வான் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினான். படத்தில் ஷவ்கியின் கைகள் மட்டும் லேசாகக் கலங்கின. முகமோ இழை பிசகாமல் விழுந்தது. இத்தனை வருடத்தில் இப்படி ஒரு சந்தோஷம் அவன் கேமராவில் சிக்கியதில்லை.

வெளியே வந்த இன்சாஃப் எதுவும் கேட்கவில்லை. சண்டை வரும் என்று பயந்த ரஷ்வானுக்கு அதுதான் அதிகப் பயமாக இருந்தது. அவள் கணவரிடம், அதிசயமாக இருக்கிறது, நீங்களும் ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள் என்று மட்டும் சொன்னாள். ஷவ்கி மூக்கைப் பொத்திக்கொண்டு ஏறினார். ரஷ்வானும் பின்னால் ஏறிக் கதவைச் சாத்தினான்.

சுவரில் இன்சாஃப் பாயில் உட்கார்ந்திருந்தாள். வண்டியைப் பார்த்தாள். இடப்பக்கம், வலப்பக்கம். துணியைத் தூக்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஷவ்கி கழற்றிப் போட்டிருந்த கோட்டை இழுத்து, பத்து விரலையும் நிதானமாகத் துடைத்தாள். நான்காவதை வாயில் போட்டுக் கண்ணை மூடி, முகத்தை வெயிலுக்குக் காட்டினாள்.

இருட்டில் ஷவ்கி மூக்கைப் பொத்தியிருந்த கையை எடுத்தார்.

“மூணுதான் மச்சான்,” என்றார் கடைசியில். “நாலு இல்ல.”

“படத்துல பாத்துடலாமா?”

“வேணாம், வேணாம்.” கதவைத் திறக்கப் போனவர் திரும்பி, “நல்லா விழுந்திருக்கா?” என்று கேட்டார்.

தாக்லாவின் பெரிய ஊரான மூத் நகரின் கலாச்சார மன்றத்தில் வசந்த காலத்தில் படக் கண்காட்சிக்கென ஒரு சுவரை ரஷ்வானுக்குக் கொடுத்தார்கள். அந்தப் படத்தை மாட்ட ஷவ்கி ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: வண்டிச் சுவரில் விழுந்த மாதிரியே தலைகீழாகத் தொங்கவேண்டும், பெயர் கூடாது. முதல் நாள் மாலை நல்ல கூட்டம். ஷவ்கி அந்தச் சுவரின் மறுகோடியில் நின்று, நாற்காலித் தடப் படத்தைப் பற்றி யாரிடமோ விளக்கிக்கொண்டிருந்தார். மருத்துவர் அம்மா வந்தாள். படத்தின் முன்னால் நின்றாள். தலையை ஒரு பக்கம் சாய்த்தாள், இன்னும் சாய்த்தாள், பையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு குனிந்தே பார்த்தாள். நிமிர்ந்ததும் கூட்டத்தில் தேடி, ஷவ்கியிடம் நேராகப் போனாள்.

“நாளைக்குக் காலைல வெறும் வயித்தோட வாங்க,” என்றாள்.

அவர் போனார். இரத்தத்தில் சர்க்கரை முன்னூற்றுப் பத்து என்று வந்தது. மூன்றாம் நாள் அலுவலகத்தில், அந்தப் படம் எடுக்கும்போது தனக்கு எல்லாம் தெரியும் என்றும், மச்சானின் கலைக்காகத்தான் அப்படி உட்கார்ந்திருந்ததாகவும், நான்கு துண்டையும் மனசே இல்லாமல் விழுங்கியதாகவும் சொல்ல ஆரம்பித்தார். ரஷ்வான் அதை மறுக்கவில்லை. இன்சாஃப் மட்டும், அப்படியானால் கலைக்காக இனிமேல் பாகற்காய் தின்னுங்கள் என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனாள்.