கதவைச் சாத்திய கொலு

என் மகள் செல்விக்கு ஐந்து வயது. இன்னும் பேச்சு வரவில்லை. பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பிப் பார்க்கமாட்டாள். கூட்டத்தில் விட்டால் பழகிக்கொள்வாள் என்று நம்பி, நவராத்திரி கொலுவுக்குத் தெருவின் பத்துக் குழந்தைகளை அழைத்து, நடுவில் அவளை உட்காரவைத்துக் கதவைச் சாத்தினேன். காதைப் பொத்திக்கொண்டு வீறிட்டாள். பிடிவாதம் என்று அதட்டினேன். சுண்டல் கொண்டுவர மனைவி கதவைத் திறந்ததும் செல்வி வெளியே ஓடிவிட்டாள்.

திருவொற்றியூர் ரயில் பாதை, கோயில் குளம் எல்லாம் தேடிவிட்டு, கடற்கரையில் அவள் பெயரைக் கத்திக்கொண்டு ஓடினேன். வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவப் பெண் ஒருத்தி, "இன்னாத்துக்கு நைனா இப்டி கூவிகினு வர்றே? கொயந்த மெரண்டு தண்ணில எறங்கிடப் போவுது. குந்து!" என்றாள். அலை தொடும் தூரத்தில் செல்வி கிளிஞ்சல்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் வலையை விட்டு அவளருகில் போய் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நீட்ட, என் மகள் கைநீட்டி வாங்கினாள். எவரிடமும் எதையும் வாங்காத கை அது. மணலில் உட்கார்ந்து அழுதேன்.

இப்போது நான் அதட்டுவதில்லை. மாலைதோறும் அருகில் அமர்ந்து கிளிஞ்சல் நீட்டுகிறேன். எனக்குப் பின் யார் நீட்டுவார்கள் என்ற திகில் மட்டும் போகவில்லை. அதனால் பக்கத்து வீட்டுச் சிறுமி ஒருத்தியை, கதவைத் திறந்து வைத்தே, கூட உட்காரவைக்கிறேன். அவள் நீட்டியதைச் செல்வி இன்னும் வாங்கவில்லை. எழுந்து ஓடவும் இல்லை.