தேவி அழித்த விடை

மாசாய் ஊர்ப் பள்ளியில் நான்காம் படிவ வகுப்பில் படிக்கிறேன். எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் கணக்கு வீட்டுப்பாடத்தை முதலில் முடித்துப் படம் அனுப்பி வந்தது நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

சென்ற மாதம் ஒருநாள் அவசரத்தில் ஒரு கழித்தல் குறியை விட்டுவிட்டேன். தோழி தேவி மட்டும், "எனக்கு வேற விடை வருது லா" என்று எழுதினாள். நான் சரிபார்க்காமலே, "நீதான் எங்கயோ தப்பு பண்ணியிருப்ப" என்று பதில் போட்டேன்.

மறுநாள் டீச்சர், தேவியின் தாளில் பென்சிலை அழித்த தடத்தைப் பார்த்துவிட்டார். "முதல்ல சரியாத்தானே போட்டிருக்க, ஏன்மா அழிச்ச?"

தேவி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

இப்போதெல்லாம் படம் அனுப்புவதில்லை. "உனக்கு என்ன வந்துச்சு?" என்றுதான் முதலில் கேட்கிறேன். மற்றவர்கள் சொல்கிறார்கள். தேவி மட்டும், "நீ போட்டதுதான் சரியா இருக்கும்" என்கிறாள்.